வரியின் கடைசியில் வரும் பெயர்

காலை ஐந்தேகால் பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தோர்ண்டன் ஹீத்தில் ஏறி அதில் உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை கைபேசியைத் திறப்பது. அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கே மாலையில் தொடங்கிய ஆட்டம் முடிந்து, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டிருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். அந்த வரிகளை முழுதாக வாசிக்க எனக்கு வராது. என் மகனுடைய பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும். அதைத் தேடுவேன்.

பெயர் வரியின் தொடக்கத்தில் வந்தால் அவன் மட்டையோடு நின்றிருக்கிறான் என்று பொருள். அந்த வரிகள் பெரும்பாலும் நல்ல செய்தி சொல்வதில்லை. பெயர் வரியின் கடைசியில் வந்தால், எதிரணிக்காரன் அடித்த பந்து உயரத்தில் போயிருக்கிறது, என் மகன் அதற்குக் கீழே ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறான். நான் தேடியது கடைசியில் வரும் பெயரைத்தான். சில நாள் இரண்டு தரம் வரும். சில நாள் ஒன்றும் வராது. கடந்த மே மாதத்தில் ஒரு நாள் ஆறு தரம் வந்தது. அன்றைக்கு நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்து வந்தேன்.

இந்த வாசிப்பை எனக்குக் காட்டித் தந்தவர் நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சமையலறையில் சமைக்கிற, பேஸ்போல் பார்த்தே வளர்ந்த கியூபாக்காரர். நான் அங்கே தட்டுக் கழுவி, சாப்பாட்டு வண்டிகளை வார்டுகளுக்குத் தள்ளுகிறவன். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் சமையலறை ஆங்கிலம். சூடு, கவனம், இன்னும் இரண்டு தட்டு, நாளைக்கு நீ லீவா, இவ்வளவுதான். என் மகன் பேஸ்போல் விளையாடச் சம்பளம் வாங்குகிறான் என்று நான் ஒரு நாள் சொன்னபோது அவர் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திடலில் அவன் நிற்பது எந்த இடம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேசையில் நான்கு கோப்பைகளைச் சதுரமாக வைத்து, அவற்றுக்கு வெகு பின்னால் ஒரு உப்புப் போத்தலை வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அது நிறைய ஓட வேண்டிய இடம், நிறையக் காத்திருக்க வேண்டிய இடம் என்று சொன்னார்.

அந்த இடம் அவனுக்குக் கிடைத்தது கிரிக்கெட்டால்தான். அவன் சின்னவனாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் பூங்காவில் கிரிக்கெட் ஆடுவோம். பெரியவர்கள் தாங்களே மட்டை பிடிப்பார்கள், தாங்களே பந்து போடுவார்கள். பிள்ளைகளை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் அழுவார்கள், புல் பிடுங்குவார்கள். இவனுக்கு அங்கே நிற்கத்தான் விருப்பம். பந்து வராத நேரத்திலும் வரப்போகிறது என்பது போல இரண்டு அடி முன்னுக்கு வருவான், திரும்பப் பின்னுக்குப் போவான். எனக்கு அது விளங்கியது. நானும் கலியாண வீடுகளில் சுவரோரக் கதிரையில் இருக்கிறவன்தான். தூரத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்.

பக்கத்துப் புல்வெளியில் ஒரு பேஸ்போல் கழகம் பயிற்சி செய்யும். அவர்களில் ஒருவர் இவன் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசினார். அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. நான் ஓம் என்று தலையாட்டினேன். அடுத்த கிழமை மகன் அந்தப் புல்வெளியில் நின்றான்.

அவனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது ஒரு முக்கியமான ஆட்டம். கடைசி நேரம், மகனுடைய அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. எதிரணிப் பையன் ஒருவன் அடித்த பந்து வானத்துக்குப் போனது. என் மகன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, திரும்பிப் பார்க்காமலே ஓடி, கடைசியில் திரும்பிப் பிடித்தான். நான் பொது இடத்தில் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்றைக்கு என்னையறியாமல் எழும்பி, "அவுட், அவுட், பந்தைப் போட்டிட்டு வா" என்று கத்திவிட்டேன். அவனும் எங்கள் பூங்கா வழக்கப்படி பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு மற்றவர்களை நோக்கி ஓடி வந்தான்.

கிரிக்கெட்டில் பந்தைப் பிடித்தால் அந்தப் பந்தின் கதை முடிந்தது. இந்த விளையாட்டில் அப்படி இல்லை. பிடித்த பிறகும் பந்து உயிரோடுதான் இருக்கிறது. மூன்றாவது பேஸில், அதாவது சதுரத்தின் மூன்றாம் மூலையில், நின்ற எதிரணிக்காரன் பிடித்த கணத்தில் கிளம்பி வீட்டுப் பேஸுக்கு ஓடலாம், அதைத் தொட்டால் ஒரு ஓட்டம். அவன் ஓடினான். அவனுக்குப் பின்னால் இரண்டாவதில் நின்றவனும் ஓடினான். என் மகன் எறிந்த பந்து புல்லில் கிடந்தது. இருவரும் வீடு சேர, மகனுடைய அணி தோற்றுப் போனது.

காரில் வரும்போது அவன், "பிடிச்சா முடிஞ்சுது எண்டு நினைச்சன் அப்பா" என்றான். நான்தான் கத்தினேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நான் எந்த ஆட்டத்திலும் வாய் திறக்கவில்லை. போவேன், வேலியோரம் நிற்பேன், கூட்டி வருவேன். நன்றாகப் பிடித்தாய் என்றுகூடச் சொல்லாமல் விட்டேன். எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது, தெரியாததில் வாய் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அவன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் அவனை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய லீக்குக்கு அல்ல. அதற்குக் கீழே பல படிகள் இருக்கின்றன, அதில் அடிப்படிக்கு. என்றாலும் ஒப்பந்தம், சம்பளம், விசா எல்லாம் உண்டு. என் மனைவி மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் அவன் கொண்டுபோக மிளகாய்த்தூள் வறுத்தாள்.

அந்த ஆவணியில் வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போனோம். தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்து, எல்லோரும் தெருவோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவியின் தமையன் வந்தார். வால்தம்ஸ்டோவில் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், குரல் பெரிது.

"மச்சான், எங்கை மருமோனைக் காணேல்லை?"

"அமெரிக்கா போட்டான்" என்றேன்.

"படிக்கவோ?"

அப்போதுதான் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலை வாயில் போட்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வேண்டும், பிறகு பேஸ்போல் என்றால் என்ன என்று விளக்க வேண்டும், அது ஒரு வேலையா என்று கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாயில் பொங்கல். தலையை ஒரு மாதிரி அசைத்தேன். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். நான் விழுங்கி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்றவரிடம், "கேட்டீரே, எங்கடை மருமோன் அமெரிக்காவிலை படிக்கிறான்" என்று சொல்லியாகிவிட்டது.

அதன் பிறகு அந்தக் கதை என்னுடைய உதவி இல்லாமலே வளர்ந்தது. மாரிகாலத்தில் அது பல்கலைக்கழகம் ஆனது. அடுத்த வருடம் ஸ்கொலர்ஷிப் சேர்ந்தது. அதற்கடுத்த வருடம், நான் அறியாமலே, என் மகன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தரமும் திருத்த வேண்டும் என்று நினைப்பேன். ஆட்கள் அதைச் சந்தோஷமாகச் சொல்லும்போது, நடுவில் புகுந்து இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மனைவி இதைச் சிரிப்பாக எடுத்து ஒரு ஞாயிறு மகனுக்குப் போனில் சொன்னாள். பிறகு அவன், "அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவரோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

ஞாயிறு மாலைகளில்தான் அவன் எடுப்பான். அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவான். பிறகு போன் என்னிடம் வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா."

"மழையோ?"

"இல்லை, வெயில்."

"சரி. இந்தா, அம்மாட்டைக் குடுக்கிறன்."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. காலையில் அவனுடைய பெயர் மூன்று தரம் வரியின் கடைசியில் வந்ததை நான் பார்த்திருப்பேன். அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வரும். தெரியாததில் வாய் வைக்கக்கூடாது என்று விட்டுவிடுவேன்.

இப்படி மூன்று வருடம் போனது. முதல் வருடம் புளோரிடாவில் வெயில் கொளுத்தும் திடலில், பார்க்க ஒருவரும் வராத ஆட்டங்கள். இரண்டாம் வருடம் ஒரு படி ஏறினான். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போய் ஆடி, எட்டு மணி நேரம் திரும்பி வருவார்கள் என்று அம்மாவிடம் சொன்னான். மூன்றாம் வருடமும் அதே படி. மட்டையோடு நிற்கும்போது அவனால் நிறையச் செய்ய முடியவில்லை. கியூபாக்காரர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு மெதுவாக உதட்டைப் பிதுக்குவார். பிறகு வரிகளின் கடைசிப் பக்கம் போய், "கை நல்ல கை" என்பார். எனக்காகச் சொல்கிறாரோ என்று நினைப்பேன்.

நான்காம் வருடம் ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய பெயர் இல்லை. தொடக்கத்திலும் இல்லை, கடைசியிலும் இல்லை. சில நாள் ஓய்வு கொடுப்பார்கள், அது எனக்குத் தெரியும். புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை அவன் நிற்கிற இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வரிகளின் கடைசியில் இரண்டு தரம் வந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை, அவனுக்கும் ஒரு தகப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். என்றாலும் எனக்கு அந்தப் பெயரில் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு வண்டிகள் போன பிறகு கைபேசியை கியூபாக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதில் எங்கெங்கோ அழுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"காயமா?" என்று கேட்டேன்.

"காயமென்றால் காயம் என்று போட்டிருப்பார்கள்" என்றார். "அணியிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை."

நான் தட்டுக் கழுவும் இடத்துக்குப் போனேன். அன்றைக்கு அவர் தன்னுடைய பெரிய சட்டிகளைத் தானே கழுவினார். என்னிடம் தரவில்லை.

அந்த ஞாயிறு மகன் எடுத்தான். அம்மாவோடு பேசினான். போன் என்னிடம் வந்தது.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா."

"விளையாட்டு?"

நான் அப்படிக் கேட்பதில்லை.

"ஓம், போகுது. நேற்றும்... நேற்றும் விளையாடினனான். ஓகே அப்பா."

"சரி" என்றேன். போனைக் கொடுத்தேன்.

அவன் பொய் சொன்னதில் எனக்குக் கவலை இல்லை. வேறு கவலை இருந்தது. அவனுடைய விசா அந்த அணி கொடுத்தது. அணி விட்டால் கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும். லண்டனுக்கு வந்த முதல் ஏழு வருடம் இங்கே தங்கலாம் என்று அரசாங்கத்திலிருந்து வரப்போகும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தவன் நான். கடிதம் இல்லாமல் ஒரு நாட்டில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். கதவு தட்டினால் யார் என்று கேட்காமல் முதலில் விளக்கை அணைக்கிற பழக்கம் அப்போது வந்தது. அது போக நெடுநாள் எடுத்தது. அந்தப் பழக்கம் என் பிள்ளைக்கு வரக்கூடாது. அவனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது, சிவப்போ நீலமோ ஒரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. இருந்தும் ஏன் வரவில்லை? அதை நினைத்துக்கொண்டே இரண்டு கிழமை வண்டி தள்ளினேன். பதில் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. வந்து இறங்கினால் முதலில் சந்திப்பவர், படிப்பு முடிந்ததா என்று கேட்பார். அந்தக் கேள்வியை இங்கே உண்டாக்கி வைத்தவன் நான்.

மனைவிக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அவன், விளையாடினேன் என்றான். நானும் சரி என்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மனைவியின் உறவுக்காரப் பிள்ளை ஒன்று பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியவீடு. குரோய்டன் பக்கத்தில் மண்டபம். பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்து இருத்தி, படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனது. ஆண்கள் வட்ட மேசைகளில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். சுவரோரம் இடம் கிடைக்கவில்லை. மனைவியின் தமையன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"எப்ப மச்சான் மருமோன்ரை பட்டமளிப்பு? நாலு வருஷம் ஆகப்போகுதெல்லே. சொல்லும், நான் டிக்கெட் போட வேணும்."

மேசையில் இருந்த ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயில் ஒன்றும் இல்லை. கையில் ரோல்ஸ் இருந்தது. அதைத் தட்டில் வைத்தேன்.

"அவன் படிக்கேல்லை" என்றேன்.

"என்ன, விட்டிட்டானோ?"

"தொடங்கவேயில்லை."

இசை சத்தமாக இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். நான் திரும்பச் சொன்னேன். என் முகம் சுடுவது எனக்கே தெரிந்தது.

"அப்ப அங்கை என்ன செய்யிறான்?"

"பேஸ்போல் விளையாடினவன். சம்பளத்துக்கு. பின்னாலை நிண்டு பந்து பிடிக்கிற இடம். மூண்டு வருஷமும் ரெண்டு மாசமும் பிடிச்சவன்."

எதிரில் இருந்த ஒருவர் சிரித்தார். "உது கையுறை போட்டெல்லே பிடிக்கிறது. நாங்கள் வெறுங்கையாலை பிடிச்சனாங்கள்."

"நீர் பிடிச்சதை ஆர் கண்டது" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். "விட்டதைத்தான் நாங்கள் கண்டனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியின் தமையன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உம்மட்டைக் கேட்டனான் மச்சான். தேரண்டைக்கே கேட்டனான். நீர் ஏன் சொல்லேல்லை?"

"வாயிலை பொங்கல் இருந்தது."

"மூண்டு வருஷமாவோ பொங்கல் இருந்தது?"

அவர் ஊரெல்லாம் சொன்னவர். இப்போது ஊரெல்லாம் போய் இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். பெரிய குரல்காரர் அப்போது சின்னக் குரலில்தான் பேசினார்.

"இப்ப எந்த டீமிலை நிக்கிறான்?"

"ஒண்டிலையும் இல்லை. விட்டிட்டினம். ரெண்டு கிழமைக்கு மேலை. எங்களுக்கு இன்னும் சொல்லேல்லை. விளையாடுறன் எண்டுதான் சொல்லுறான்."

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். படிக்க விட்டிருக்கலாம், பந்தை நம்பி அனுப்பினாயே, இப்படி. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கையுறையைப் பற்றிச் சொன்னவர்தான் முதலில் கேட்டார்.

"விசா எப்பிடி?"

"டீமோடை முடியும்."

அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு அறையில், கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் பிரான்ஸில், மனைவியின் தமையன் இரண்டிலும். அவர் என் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப இஞ்சை இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு என்ன செய்யிறீர்? எழும்பும். வெளியிலை போய் அவனுக்கு எடும்."

"இவள் எடுக்கட்டும், அவளோடைதான் அவன்..."

"நீர் எடும் மச்சான்."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். மனைவி நான் எழும்பிப் போவதைக் கண்டு பின்னால் வந்திருந்தாள். பட்டுச்சேலைக்கு மேலே என்னுடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள்.

"என்னப்பா, நெஞ்சு ஏதும் செய்யுதோ?"

இல்லை என்றேன். சொன்னேன். பெயர் இல்லாமல் போனது, கியூபாக்காரர் கண்ணாடியைக் கழற்றியது, எல்லாவற்றையும். அவள் அழுவாள் என்று பார்த்தேன்.

"எனக்குப் போன ஞாயிறே தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"அவன் என்னட்டை என்ன கறி எண்டு கேட்டவன். விளையாடுற நாளிலை அவன் அதைக் கேக்கிறேல்லை. பிறகு விளையாடேக்கை கறி மணக்குது எண்டு அழுகை வருமாம்." ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் நான் சொல்லேல்லை" என்றாள்.

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

இலக்கத்தை நானே அழுத்தினேன். அங்கே காலை பத்து மணி. போன் மூன்று தரம் அடித்ததும் எடுத்தான்.

"அப்பா? என்ன நடந்தது? அம்மா எங்கை?"

"ஒண்டும் நடக்கேல்லை. அம்மா பக்கத்திலை நிக்கிறா."

"அப்ப ஏன் நீங்கள் எடுக்கிறீங்கள்?"

இருபத்திமூன்று வயதுப் பிள்ளைக்கு தகப்பன் போன் எடுத்தால் செத்தவீடு என்றுதான் தோன்றுகிறது. அது என் பிழை.

"தம்பி, உன்ரை பேர் பத்தொன்பது நாளாக் காணேல்லை" என்றேன்.

மனைவி கையை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எங்கை காணேல்லை?" என்றான்.

"போனிலை. ஒவ்வொரு நாளும் எழுதிப் போடுறவங்களெல்லே. நான் காலமை பஸ்ஸிலை பாக்கிறனான்."

"நீங்கள் அதைப் பாக்கிறனீங்களோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீ போன நாளிலை இருந்து."

"எல்லா கேமுமோ?"

"எல்லாம்."

பிறகு அவன் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அழுகைச் சத்தத்தில் இல்லை, சின்ன வயதில் கணக்குப் பிழைத்தால் பேசுகிற குரலில் சொன்னான். "நான் நினைச்சன், அப்பாவுக்கு இது பிடிக்கேல்லை எண்டு. அதுதான் படிக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொன்னீங்கள் எண்டு."

பக்கத்தில் நின்ற காரில் சாய்ந்துகொண்டேன். யாருடைய கார் என்று தெரியாது.

"நான் சொல்லேல்லை. இல்லை எண்டும் சொல்லேல்லை. அது பிழை. இண்டைக்குச் சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"மாமாவுக்கு. மேசையிலை இருந்த எல்லாருக்கும்."

"அப்பா, நீங்களோ?"

"ஓம். நீ வந்தால் இனி ஒருத்தரும் படிப்பைப் பற்றிக் கேக்க மாட்டினம். கேட்டால் நான் பதில் சொல்லுறன். வீட்டை வா தம்பி. விசா முடிய முதல் வா."

"வேறை ரெண்டு டீமுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன். பதில் வரேல்லை."

"அது வரட்டும். வந்தால் இஞ்சை இருந்து போ. அங்கை நிண்டு காத்திருக்காதை."

பிறகு பேசத் தொடங்கினான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்னால் அறைக்குக் கூப்பிட்டார்களாம். ஆறு நிமிடம்தான் பேச்சாம். ஒருவரும் கெட்ட சொல் சொல்லவில்லையாம், அதுதான் கஷ்டமாக இருந்ததாம். உடுப்பைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கழுவக் கொண்டுபோனானாம், வேண்டாம் விடு என்றார்களாம். தன்னோடு ஆடிய ஒரு பையனுடைய சோபாவில் படுக்கிறானாம். மாலையில் ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தால் வீட்டில் இருக்க முடியாமல் வெளியே நடக்கிறானாம். மூன்று வருடத்தில் அவன் என்னோடு பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். மனைவி என் தோளில் காதை வைத்துக் கேட்டாள்.

"டிக்கெட் பாக்கிறன் அப்பா" என்றான் கடைசியில். "வாறன்."

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். என்னுடைய ஷிப்டை கியூபாக்காரர் கேட்டு வாங்கி வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்தார். விமான நிலையத்தில் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களுக்குள்ளே உயரமாக வந்தான், கறுத்து, கன்னம் ஒட்டி. என்னைக் கண்டு கையைத் தூக்கினான். கிட்ட வரவரத்தான் கவனித்தேன். வலது காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தான்.

"இது எப்ப இருந்து?"

"போன வருஷம்."

"டொக்டரிட்டை காட்டினனியோ?"

"காட்டினால் விளையாட விடமாட்டினம்."

அந்த ஆறு தரம் பெயர் வந்த நாளும் இந்தக் காலோடுதான் ஓடியிருக்கிறான். அதை எந்த வரியின் தொடக்கத்திலும் எழுதியிருக்கவில்லை, கடைசியிலும் எழுதியிருக்கவில்லை. நான் அவனுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் மறுக்கவில்லை. லிப்ட் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு, அவனுடைய வேகத்துக்கு நடந்தோம்.